இடது காலின் கணக்கு: கியர் இல்லாத வண்டியும் டெல்டாப் பெண்களும்

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், ஓட்டுநர் உரிமம் எந்தெந்த வகை வண்டிகளுக்குத் தரப்படும் என்பதைத் தன் 10ஆவது பிரிவில் வரிசைப்படுத்துகிறது. முதலில் கியர் இல்லாத மோட்டார் சைக்கிள், அடுத்தது கியர் உள்ள மோட்டார் சைக்கிள், பிறகு மற்றவை. ஆண் என்றோ பெண் என்றோ அங்கே ஒரு சொல்லும் இல்லை. ஆனால் தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ ஒரு பெண் டிரைவிங் ஸ்கூல் வாசலில் போய் நின்றால், விண்ணப்பத்தை எடுக்கும் முன்பே, “ஸ்கூட்டிக்கு மட்டும்தானேம்மா?” என்ற கேள்வி வந்துவிடுகிறது. சட்டம் பிரிக்காத ஒன்றைத் தெரு பிரித்து வைத்திருக்கிறது.

காரைப் பொறுத்தவரை இந்தியச் சட்டம் அந்தப் பிரிவினையைக்கூடச் செய்யவில்லை. இலகுரக வாகன உரிமம் ஒன்றுதான். கிளட்ச் மிதித்து ஓட்டினாலும் ஆட்டோமேட்டிக் ஓட்டினாலும் அதே அட்டை. பிரிட்டனில் ஆட்டோமேட்டிக் காரில் தேர்வு எழுதியவர் கியர் கார் ஓட்ட முடியாது. இங்கே அப்படி இல்லை. ஆகவே இங்கே ‘கியர் ஓட்டுபவர்தான் டிரைவர்’ என்ற மதிப்பீடு முழுக்க முழுக்கச் சமூகம் உண்டாக்கியது.

காரை நேசிப்பவர்களில் சிலர், வாங்க வசதியும் ஓட்டத் திறமையும் இருந்தும், ஆட்டோமேட்டிக்கையே விரும்பிக் கேட்கிறார்கள். ஏன் என்றால் நெரிசல், முழங்கால் வலி, வசதி என்று பதில் வரும். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த விருப்பத்தைச் சொல்லும்போது ஒரு பெண்ணின் குரலில் சின்னத் தயக்கம் வருகிறதே, அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றைக் காவிரிப் படுகையின் சாலையிலிருந்தும் வயலிலிருந்தும் பார்க்கலாம்.

மூட்டை ஏற்றினால் யாருடைய வண்டி?

1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. இருவர் உட்காரக்கூடிய மொபெட். அதில் மாற்ற வேண்டிய கியரும் இல்லை, பிடிக்க வேண்டிய கிளட்சும் இல்லை. எஞ்சின் வேகமெடுத்ததும் உள்ளே இருக்கும் கட்டைகள் சுழற்சி விசையால் விரிந்து கிளட்ச் தானாகப் பிடித்துக்கொள்ளும். வேகம் குறைந்தால் விட்டுவிடும். ஓட்டுபவர் முறுக்குவதும் பிரேக் பிடிப்பதும்தான் வேலை.

டெல்டாவில் இந்த வண்டியில் ஏறாத பொருள் இல்லை. யூரியா மூட்டை, நாற்று முடிச்சு, பால் கேன், நாகப்பட்டினத்திலிருந்து உள்ளூருக்கு வரும் மீன் கூடை, குருவை அறுத்ததும் நெல் மூட்டை. வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் அது போகும். ஒரு கையில் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஓட்டிப்போகும் பெரியவரை எந்த ஊர்ச் சாலையிலும் பார்க்கலாம். கியர் இல்லாத வண்டி ஓட்டுகிறார் என்று அவரை யாரும் கேலி செய்ததில்லை. ‘லேடீஸ் வண்டி’ என்று அதற்கு யாரும் பெயர் வைத்ததும் இல்லை.

14 ஆண்டுகள் கழித்து, 1994இல் அதே நிறுவனம் ஸ்கூட்டியைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே 1984இல் கைனடிக் ஹோண்டா வந்திருந்தது. பொத்தானை அழுத்தினால் ஸ்டார்ட் ஆகும், கியர் கிடையாது. ஸ்கூட்டி சின்னது, எடை குறைந்தது, விளம்பரங்களில் கல்லூரிப் பெண்கள். சில ஆண்டுகளில் ஒரு மாடலின் பெயராக இருந்த சொல் தமிழில் ஒரு பொதுப்பெயர் ஆகிவிட்டது. எந்த நிறுவனத்தின் வண்டியாக இருந்தாலும் பெண் ஓட்டினால் அது ‘ஸ்கூட்டி’.

இரண்டு வண்டிகளிலும் இடது காலுக்கு வேலை இல்லை. ஒன்று உழைப்பாளியின் வண்டி, மற்றொன்று பொம்பளை வண்டி. பெயரைத் தீர்மானித்தது எந்திரம் இல்லை, யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான். 2001இல் ஆக்டிவா வந்து, நாளடைவில் கடைக்காரர்களும் வங்கி ஊழியர்களும் வாத்தியார்களும் கியர் இல்லாத ஸ்கூட்டரில் ஏறிய பிறகு அது ‘குடும்ப வண்டி’ ஆனது. ஆண்கள் வந்ததும் கேலி நின்றது.

டாங்கிக்குள் இருந்தால் தொழில்நுட்பம்

இந்த வழக்கம் டெல்டாவில் தொடங்கியது இல்லை. கார் பிறந்த காலத்திலேயே இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெட்ரோல் காரை ஸ்டார்ட் செய்ய முன்னால் நின்று இரும்புக் கம்பியைச் சுழற்ற வேண்டும். கம்பி திருப்பி அடித்தால் கை முறியும். மின்சாரக் காருக்கு அந்தத் தொல்லை இல்லை. அதனால் அதைச் சீமாட்டிகளின் வண்டி என்று விற்றார்கள். உலகையே பெட்ரோல் கார் ஓட்டவைத்த ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஃபோர்டு வைத்திருந்தது 1914ஆம் ஆண்டு டெட்ராய்ட் எலெக்ட்ரிக் மின்சாரக் கார். 1912இல் காடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. பெண்களுக்கு உதவும் என்று பேசப்பட்ட அந்தப் பொருளை அடுத்த சில ஆண்டுகளில் எல்லா ஆண்களும் பயன்படுத்தினார்கள். இன்று சாவியைத் திருகி ஸ்டார்ட் செய்யும் எந்த ஆணும், தான் சலுகையை அனுபவிப்பதாக நினைப்பதில்லை.

ஆட்டோமேட்டிக் கியரும் அப்படித்தான். ஜெனரல் மோட்டார்ஸ் 1939இல் அறிமுகம் செய்த ஹைட்ராமேட்டிக், 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபீல் கார்களில் வந்தது. பெரும் எண்ணிக்கையில் தயாரான முதல் முழு ஆட்டோமேட்டிக் அதுதான். அது அறிமுகமான ஆண்டிலேயே இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. அதே ஹைட்ராமேட்டிக்கை அமெரிக்க ராணுவத்தின் எம்5 ஸ்டுவர்ட் டாங்கிகளில் பொருத்தினார்கள். போர்முனைச் சிப்பாய் கியர் மாற்றாமல் டாங்கி ஓட்டியது அவனுடைய ஆண்மைக்குக் குறைவாகத் தெரியவில்லை.

இன்னும் சுவையான கதை நெதர்லாந்தில் நடந்தது. ஹப் வான் டோர்ன் என்பவர் 1958இல் டாஃப் என்ற சின்னக் காரை ரப்பர் பெல்ட்டால் ஓடவைத்தார். இரண்டு கப்பிகள், நடுவே ஒரு பெல்ட். வேகத்துக்கு ஏற்பக் கப்பியின் இரு தட்டுகள் நெருங்கும், விலகும். பெல்ட் ஏறி இறங்கும். கியர் படிகளே இல்லாமல் வேகம் கூடும். கியர் இல்லாத ஸ்கூட்டர்களின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் உள்ளே இருப்பதும் இதே ஏற்பாடுதான். அந்த நாட்டில் டாஃபுக்குப் பெண்களை இழிவுபடுத்தும் ஒரு பட்டப்பெயரைச் சூட்டிச் சிரித்தார்கள். 1993இல் வில்லியம்ஸ் அணி இதே தத்துவத்தில் ஒரு ஃபார்முலா 1 காரைச் செய்து ஓட்டிப் பார்த்தது. எஞ்சின் எப்போதும் தன் உச்ச சக்தியிலேயே நிற்கும், கியர் மாற்றும் இடைவெளியே இல்லை. 1994ஆம் ஆண்டின் பந்தய விதிகள் அதைத் தடை செய்துவிட்டன. அதற்கும் முன்பே, 1989இல் ஃபெராரி 640 காரில் கியர்க் கோல் போய், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் விரலால் தொடும் பட்டை வந்தது. முதல் பந்தயமான பிரேசிலிலேயே நைஜல் மான்செல் அதில் வென்றார். இரண்டு கையும் ஸ்டீயரிங்கை விடாமல் இருந்தால் வளைவில் வண்டி கட்டுப்பாட்டில் இருக்கும் என்பது அந்த ஏற்பாட்டின் நன்மைகளில் ஒன்று. ஆட்டோமேட்டிக்கை விரும்பும் கார் ஆர்வலர்கள் இன்று சொல்வதும் இதையேதான்: கவனம் சாலையில் இருக்கிறது, கை ஸ்டீயரிங்கில் இருக்கிறது.

பந்தயக்காரர் சொன்னால் அது தொழில்நுட்பம். அதையே ஒரு தமிழாசிரியை சொன்னால், “கியர் ஓட்ட பயமா?” என்கிறார்கள்.

பாருள்ள சைக்கிள்

எந்திரத்துக்குப் பால் ஒட்டுவதைப் பெண்கள் எப்படிக் கையாண்டார்கள் என்பதற்குப் பக்கத்து மாவட்டமே சாட்சி. தஞ்சாவூரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் பிரித்து 1974இல் உருவான புதுக்கோட்டையில், 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து பெண்கள் சைக்கிள் கற்றார்கள். ஷீலா ராணி சுங்கத் அப்போது ஆட்சியர். நடவுக்கும் கல் குவாரிக்கும் போகும் பெண்கள், செவிலியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று பல்லாயிரம் பேர். பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியதன் வழியே நாடே அதை அறிந்தது.

அதில் ஒரு விவரம் நம் பேச்சுக்கு முக்கியம். லேடீஸ் சைக்கிள் கிடைப்பது அரிதாக இருந்ததால் பெண்கள் பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளில் கற்றார்கள். பிறகு அவர்களில் சிலர் அதையே விரும்பினார்கள். பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்பது காரணம். பெண்ணுக்கென்று செய்த வண்டி வேண்டாம், ஆணுக்கென்று செய்ததைத் தங்கள் தேவைக்கு எடுத்துக்கொண்டார்கள். விருப்பம் என்றால் இதுதான். இரண்டும் தெரிந்து, தன் வேலைக்கு எது பொருந்தும் என்று தானே தீர்மானிப்பது.

இதற்கு முந்தைய தலைமுறையில் அந்த வாய்ப்பே இல்லை. கீழத் தஞ்சையில் விவசாயத் தொழிலாளர்களைத் திரட்டிய மணலூர் மணியம்மை தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டு வேட்டி கட்டிக்கொண்டார். அவர் வாழ்வை ராஜம் கிருஷ்ணன் ‘பாதையில் பதிந்த அடிகள்’ நாவலாக எழுதினார். ஊர் ஊராக அலைய வேண்டிய பெண், அலைவதற்கே ஆணின் கோலத்தை எடுக்க வேண்டியிருந்தது. நம்மில் பலர் ‘கியர் வண்டி ஓட்டிக் காட்ட வேண்டும்’ என்று நினைப்பதில் அந்தக் கோலத்தின் மிச்சம் கொஞ்சம் இருக்கிறது.

நடவு மெஷினில் யார்?

இதுவரை சொன்னதை வைத்துப் பார்த்தால், கியர் எளிதானால் பெண்கள் வண்டியில் ஏறிவிடுவார்கள் என்று தோன்றும். வயலுக்குள் இறங்கினால் அந்த நம்பிக்கை உடைகிறது.

டெல்டாவில் நாற்று பறிப்பதில் ஆண்கள் இருப்பார்கள். நடவும் களையும் பெண்களின் வேலை. ஒரு ஏக்கர் நட பத்துப் பதினைந்து பெண்கள் காலையிலிருந்து குனிந்து நிற்க வேண்டும். தலித் பெண்களின் உழைப்பில் நின்றது இந்த நெல் வயல். 1968 டிசம்பர் 25 அன்று வெண்மணியில் எரிக்கப்பட்ட 44 பேரில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலிக்காக நடந்த அந்தப் போராட்டத்தில் நடவாட்களின் கூலியும் அடக்கம்.

இப்போது அதே வயலில் பாய் நாற்றங்கால் போட்டு, நடவு மெஷினை இறக்குகிறார்கள். உட்கார்ந்து ஓட்டும் நடவு மெஷின்களிலும், அறுப்புக்கு வரும் செயின் வண்டிகளிலும் பெரும்பாலும் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன்தான். ஒரு நெம்புகோலை முன்னால் தள்ளினால் வண்டி முன்னே போகும். இழுத்தால் பின்னே வரும். எவ்வளவு தள்ளுகிறோமோ அவ்வளவு வேகம். சேற்றில் நடுவழியில் கியர் மாற்றினால் வண்டி நின்று புதையும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. ஸ்கூட்டி ஓட்டத் தெரிந்த எந்தப் பெண்ணும் சில நாள் பயிற்சியில் ஓட்டிவிடலாம். எந்த நாற்று எந்த வயதில் நட வேண்டும், எவ்வளவு ஆழம், வயலில் எவ்வளவு தண்ணீர் என்பதெல்லாம் அந்த வேலையைத் தலைமுறையாகச் செய்த பெண்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

ஆனாலும் அந்த இருக்கையில் நம் ஊர்களில் பெரும்பாலும் ஓர் ஆண்தான் இருக்கிறார். பெண்கள் மெஷின் எட்டாத மூலைகளில் விடுபட்ட இடத்தை நிரப்ப நடுகிறார்கள். கூலி நாட்கள் குறைந்துவிட்டன. ஒரே வேலைக்கு ஒரே ஊதியம் என்று 1976இலேயே சட்டம் வந்தது. ஒரே வேலை என்று ஒன்று இருந்தால்தானே அந்தச் சட்டம் பேசும்? பெண் செய்த வேலை மெஷினுக்குள் போனதும் அது ஆணின் வேலை ஆகி, ‘ஆப்பரேட்டர்’ என்ற பெயரும் கூடுதல் கூலியும் பெற்றது.

ஆக, பெண் வண்டி ஓட்டாததற்குக் கியரின் கடினம் காரணமாக இருந்ததே இல்லை. கிளட்ச் போன பிறகும் இருக்கை கைமாறவில்லை. மெஷின் வாங்கும் கடன் நிலத்தின் பேரில் கிடைக்கிறது. பட்டா ஆணின் பேரில் இருக்கிறது. மெஷினை ஊருக்குள் அழைத்துவரும் தரகர்களின் பேச்சு டீக்கடையில் நடக்கிறது. அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் மகளிர் விவசாயிகளுக்கு மானியம் கூடுதலாக உண்டு. ஆனால் ரசீதில் மட்டும் பெண் பெயர் இருந்து சாவி வேறொருவர் இடுப்பில் இருந்தால் அந்த மானியம் யாருக்குப் போனது? கேரளத்தில் மகளிர் குழுக்கள் நடவு மெஷின் ஓட்டப் பயின்று கூலிக்கு நட்டுக் கொடுக்கின்றன. முடியாத காரியம் இல்லை என்பதற்கு அதுவே போதும்.

ஐந்து ஆறுகள், ஐந்து பாலங்கள்

இனி காருக்கு வருவோம். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு 13 கிலோமீட்டர்தான். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைக் கடக்க வேண்டும். பாலம் என்றால் ஏற்றம். ஏற்றத்தில் எதிரே ஒரு பஸ் வந்து நின்றுவிட்டால், கியர் காரில் ஆஃப் கிளட்சில் வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டும். கொஞ்சம் பிசகினால் எஞ்சின் ஆஃப் ஆகும், அல்லது வண்டி பின்னால் உருளும். பின்னால் நிற்பவர் ஹாரன் அடிப்பார். ஓட்டுவது பெண் என்று தெரிந்தால் இன்னும் நீளமாக அடிப்பார். அறுப்புக் காலத்தில் சாலையின் பாதியில் நெல் காயும். மீதிப் பாதியில் ஆடும் டிராக்டரும் பள்ளிப் பிள்ளைகளும். முதல் கியர், இரண்டாம் கியர், மறுபடி முதல் கியர்.

2014இல் மாருதி செலேரியோ காரில் ஏ.எம்.டி. வந்தபோது, ஆட்டோமேட்டிக் முதல்முறையாக நடுத்தரக் குடும்பத்தின் விலைக்கு இறங்கியது. அதில் கியர்ப் பெட்டி பழையதேதான். கிளட்சை மிதிப்பதையும் கியரைத் தள்ளுவதையும் மோட்டார்கள் செய்கின்றன. கியர் மாறும்போது லேசாகக் குலுக்கும். சில மாடல்கள் மேட்டில் சற்றுப் பின்னால் நழுவும். டார்க் கன்வெர்ட்டர் உள்ள கார் பிரேக்கை விட்டதும் தானே மெல்ல ஊரும். நெரிசலில் அது சுகம். பெல்ட்டில் ஓடும் சி.வி.டி. குலுங்கவே குலுங்காது. இந்த வேறுபாடுகளை ஓட்டிப் பார்த்து, எஞ்சின் சத்தத்தை வைத்தே எது என்ன என்று சொல்லும் பெண்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். கார் ஆர்வலர் என்ற சொல் அவர்களைக் குறிக்கப் பயன்படாமல் இருப்பதுதான் விந்தை.

‘கியரில்தான் ஓட்டும் இன்பம்’ என்பவர்களின் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. காலும் கையும் காதும் ஒன்றுசேரும் அந்தக் கணம் உண்மையான இன்பம்தான். ஆனால் ‘அம்மியில் அரைத்தால்தான் ருசி’ என்ற பேச்சும் நம் வீடுகளில் இருந்தது. மிக்ஸி வந்ததும் அம்மியை விட்டவர்கள் ருசி தெரியாதவர்கள் இல்லை, அரைத்து அலுத்தவர்கள். விடிகாலையில் சமைத்து, பிள்ளையைப் பள்ளியில் விட்டு, கும்பகோணத்து நெரிசலைத் தாண்டி வேலைக்குப் போய்த் திரும்பும் பெண், மிச்சம் இருக்கும் சக்தியை எங்கே செலவிடுவது என்று தீர்மானிக்கிறாள். அதற்கு மேல் காரை அவள் எப்படி நேசிக்க வேண்டும் என்று பாடம் நடத்த யாருக்கும் உரிமை இல்லை. மாற்றுத்திறனாளிப் பெண்ணுக்கோ இது விருப்பம்கூட இல்லை. கிளட்ச் இல்லாத வண்டிதான் அவளுக்கு வீட்டு வாசலைத் தாண்டும் வழி.

எல்லோருக்கும் எட்டாத சுகம்

ஆனால் இங்கேயே நின்றுவிட முடியாது. ஓட்டுவது சம்பளத்துக்கான வேலையும்கூட. பஸ், லாரி, ஆம்புலன்ஸ், சுமை வண்டி எல்லாம் பெரும்பாலும் கியர்தான். 1993இல் தமிழ்நாடு அரசுப் பேருந்தில் வசந்தகுமாரி ஓட்டுநராகச் சேர்ந்தபோது அது உலகச் செய்தியானது. அத்தனை ஆண்டுகள் கழிந்தும் ஒரு பெண் பஸ் ஓட்டினால் இன்னும் செய்தியாகிறது. கியர் இல்லாத வண்டிக்கான உரிமத்தை மட்டும் வைத்திருக்கும் பெண் சட்டப்படி கியர் பைக்கைத் தொட முடியாது. ஆரம்பத்திலேயே ‘உனக்கு இது போதும்’ என்று கொடுக்கப்படும் எளிமை, பின்னால் ஒரு வேலையின் கதவைச் சாத்துகிறது.

அரசின் திட்டங்களும் இந்த இழுபறியைக் காட்டுகின்றன. 2018 பிப்ரவரியில் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டம், வேலைக்குப் போகும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் தந்தது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஸ்கூட்டர் மானியம் பிறகு தொடரவில்லை. ஒன்று சாவியைத் தந்தது, ஆனால் மீதிப் பணம் புரட்ட முடிந்தவர்களுக்கு மட்டும். மற்றொன்று எல்லோருக்கும் இருக்கை தந்தது, ஆனால் கடைசிப் பேருந்து போன பிறகு எதுவும் இல்லை. நடவுக்குப் போன பெண்ணுக்கு இரண்டும் தேவை.

ஆகவே நாம் கேட்க வேண்டியது தெளிவாகவே இருக்கிறது. டிரைவிங் ஸ்கூல்கள் பெண்ணுக்கு இரண்டையும் கற்றுத் தரட்டும், உரிமத்தில் இரண்டும் இருக்கட்டும். எதை ஓட்டுவது என்று பிறகு அவள் பார்த்துக்கொள்வாள். வேளாண்மைத் துறை தரும் நடவு மெஷின் பயிற்சியில் முதல் இடம் நடவாட்களுக்குப் போகட்டும்; மானியத்தில் வாங்கும் மெஷினை ஓட்டுவதும் மகளிர் குழுவாக இருக்கட்டும். மேட்டூர் ஜூன் 12இல் திறந்தால் குருவை நடவு தொடங்கும். அந்தப் பருவத்துக்குள் ஒரு வட்டாரத்தில் பத்துப் பெண்களைத் தயார் செய்வது பெரிய காரியம் இல்லை. தள்ள வேண்டியது ஒரே ஒரு நெம்புகோல்தான்.